அக்காவின் கையில் ஊற்றிய நீர்

அக்காவின் தலைமுடியைக் கையாலேயே பிடுங்கினார்கள். சமணத் துறவில் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் இடமில்லை. மேடையில் அவள் கண்மூடி உட்கார்ந்திருக்க, மூத்த துறவி ஒருவர் பிடி வழுக்காதிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுக் கொத்துக்கொத்தாகப் பிடுங்கினார். மைக்கில் பாடியவர்களின் குரலையும் மீறி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல பிள்ளையைப் பெற்றீர்கள் என்று எல்லோரும் அம்மாவைக் கும்பிட்டார்கள். சேலையூர் வீட்டில் என்னோடு ஒரே போர்வைக்குச் சண்டை போட்டவள், அன்று மாலைக்குள் வெள்ளைச் சேலை உடுத்திய ‘மாதாஜி’ ஆகிவிட்டாள். இனி அவளுக்கு வீடில்லை, போன் இல்லை, தங்கையும் இல்லை.

நான் அழும்போதெல்லாம், “பற்று வைக்காதே, வினைதான் சேரும்” என்பார் அம்மா, தன் முகத்தையும் முந்தானையால் துடைத்துக்கொண்டே. பள்ளிக்கரணையில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. அங்கே என்னோடு வேலை பார்த்த தோழியின் குடும்பம் பௌத்தத்துக்கு மாறியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெரும்பாக்கத்தில் அவர்கள் கூடும் மாடி அறைக்கு அழைத்துப்போனாள். புத்தர் படத்துக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் மூச்சைக் கவனித்து உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு அழுகை முட்டியது. எழப்போன என்னைத் தோழி கையைப் பிடித்து இருத்தினாள். “அழுகை வந்தா வரட்டுமே. எங்க வலிக்கிதுன்னு பாத்துக்கினே குந்து.” என் ஏக்கத்தை அழுக்கு என்று சொல்லாத முதல் இடம் அது. தொடர்ந்து போனேன். பிறகு புத்தரைச் சரணடைந்தேன். “நம்ம சாமிக்கு என்னடி குறைச்சல்?” என்று அம்மா கேட்டார். “ஒரு குறைச்சலும் இல்லம்மா. எனக்கு அங்கதான் மூச்சு விட முடியுது.”

போன வருடம் கோடையில், நடைப்பயணமாக வந்த அக்காவின் குழு எங்கள் பக்கத்தில் தங்கியது. இருட்டுவதற்குள் போய்ப் பார்த்தேன். எறும்பு, பூச்சி மிதிபடாமல் கூட்டும் மயிற்பீலியை அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதமெல்லாம் வெடிப்பு. தள்ளி உட்கார்ந்து, பௌத்தத்துக்குப் போனதைச் சொன்னேன்.

“அங்க நிம்மதியா இருக்கா?”

“இருக்கு. ஆனா உன்னை... உங்களை நினைக்கிறது நிக்கல.”

பீலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “நாளைக்கு ஆகாரம் குடுக்க நிப்பியா?”

“நான் நிக்கலாமா?”

“மனசும் சொல்லும் உடம்பும் சுத்தம்னு சொல்லணும். பொய் இல்லாம சொல்ல முடியும்னா நில்லு.”

ஒரு நாளைக்கு ஒரே வேளைதான், அதுவும் உள்ளங்கையில் வாங்கித்தான் உண்பார்கள். தண்ணீரும் அப்போது மட்டுமே. உண்ணும்போது அழுகுரல் காதில் விழுந்தால் அத்தோடு கையை விலக்கிவிட வேண்டும். மறுநாள் வரை சொட்டு நீர் கிடையாது. “அழுதுடாதடி” என்று அம்மா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். சொல்ல வேண்டியதை நான் சொன்னேன், பொய் இல்லாமல். அம்மா சோறு வைத்தார். நீர்ச் செம்பு என் கையில். என் சடையைப் பின்னிய அந்தக் கைகள் குவிந்து முன்னால் நீண்டதும் அழுகை வந்தது. அதை விழுங்கவுமில்லை, விரட்டவுமில்லை. இதோ வந்திருக்கிறது, தொண்டையில் நிற்கிறது, மூச்சு போகிறது, வருகிறது என்று பார்த்தபடியே ஊற்றினேன். சத்தம் வரவில்லை. அக்கா குடித்தாள். மறுபடியும் கையை நீட்டினாள்.

முழுதாகச் சாப்பிட்டாள். எல்லோருக்கும் போல எனக்கும் மயிற்பீலியை உயர்த்தி ஆசி தந்தாள். அவள் தெருமுனையைத் தாண்டிய பிறகு மொட்டைமாடிக்குப் போய் வாய்விட்டு அழுதேன். மறுநாள் விடியலில் செங்கல்பட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார்கள்.

இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. காலையில் ரத்த மாதிரிக் குப்பிகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கையில், எங்கோ ஒரு வீட்டில் அவள் கை நீட்டும் நேரம் இது என்று தோன்றும். கை ஒரு கணம் நிற்கும். ஊற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கை நடுங்காதிருக்கட்டும். அந்த வீட்டில் யாருக்கும் அழும்படி ஒன்றும் நேராதிருக்கட்டும். அக்காவுக்கு வயிறு நிறையட்டும்.