அவள் சிரித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன்

செய்தி வந்தபோது காலை பத்தே முக்கால். லிஃப்ட் மெக்கானிக் அப்போது ஒரு ஜவுளிக்கடையில், லிஃப்ட் கூண்டின் தலைமேல், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே இருட்டில் குந்தியிருந்தான். சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. கூண்டின் மேல் இருக்கும்போது ஃபோனைத் தொடக்கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவன் அவன். ஆனால் கூப்பிட்டது மச்சான். மனைவியின் அண்ணன், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன். கல்யாணமான நாளிலிருந்து இவனோடு சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாதவன்.

"அம்மா செத்துட்டாங்க" என்றான் மச்சான், அவன் மொழியில். முன்னுரை எதுவும் இல்லை. "விடியக்காலையில. அவ ஃபோன் எடுக்கல. நீ நேரா போய் இப்பவே சொல்லு. அவ வர்ற வரைக்கும் அடக்கம் பண்ணாம வச்சிருக்கோம்."

மாமியார் இறந்த துக்கம் மெக்கானிக்கு உடனே வரவில்லை. அது பிறகுதான் வந்தது. இதைப் போய் இவன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டுமே, அந்தப் பயம்தான் முதலில் வந்தது.

பயம் அவனுக்குப் புதிதல்ல. கம்பெனியில் அவனுக்கு வைத்த பெயரே பயந்தாங்கொள்ளி. லிஃப்டைச் சரிசெய்து முடித்ததும் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வழியாகத்தான் இறங்குவான். "உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும், அதான் ஏற மாட்டேங்கிற" என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்வார். "எனக்குத் தெரிஞ்சதாலதான் சார் நீங்க நிம்மதியா ஏறுறீங்க" என்பான். நாய்க்குப் பயம், ஊசிக்குப் பயம், சத்தமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் பயம். இப்படிப்பட்டவன், வேறு தேசம், வேறு மொழி, வேறு சாமி என்று எதிலுமே ஒட்டாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்பதை அவன் அக்காவால் நம்பவே முடியவில்லை. "பல்லியைப் பார்த்தா கட்டில் மேல ஏறி நிப்பான். இவனுக்கு எங்கிருந்துடி வந்துச்சு அந்தத் தைரியம்?" என்று தோழிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

அந்தத் தைரியம் வந்த கதை சின்னதுதான். அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் நீராவி இஸ்திரி மேசையில் வேலை பார்த்தாள். ஒரு நாள் துணி வண்டியோடு சரக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். வெளியே கூடியவர்கள் எல்லாரும் "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்குக் கதவின் இடுக்கில் பாதி முகம்தான் தெரிந்தது. யாருக்கும் ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாதவன், இருவருக்கும் தெரிந்த நாலு சொற்களையும் விரல்களையும் வைத்து நடந்ததைச் சொன்னான். கயிறு நல்லா இருக்கு. கதவுதான் கெட்டுப்போச்சு. அரை மணி நேரம் ஆகும். கையை வெளியே நீட்டாதே, வெட்டிவிடும். அரை மணியில் கதவு திறந்தது. "எல்லாரும் என்னைச் சமாதானப்படுத்தினாங்க. நீதான் விஷயத்தைச் சொன்ன" என்று அவள் பின்னாளில் சொன்னாள். அவனுக்கு அது பாராட்டு என்று புரியவே கொஞ்ச நாள் ஆனது.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய மொழியை அவன் கற்றுக்கொண்டான், பால்குடி மறக்காத பிள்ளை பேசுவதுபோல. அவள் இவன் மொழியைக் கற்றுக்கொள்ளவில்லை. அவசியப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் நின்று ஏதாவது சொன்னால், "என்ன சொன்னாங்க?" தண்ணி மோட்டார் ரிப்பேர்காரன் முணுமுணுத்தால், "என்ன சொன்னாரு?" டிவியில் யாராவது அழுதால்கூட, "அவ என்ன சொன்னா?" நாள் முழுக்க இதே கேள்வி. அலுத்துப்போகும் அவனுக்கு. ஆனாலும் சொல்லுவான். அந்த ஊர் முழுக்க அவன் வாய் வழியாகத்தான் அவளுக்குள் போனது.

ஜவுளிக்கடைப் படியில் இறங்கும்போதே அக்காவுக்கு ஃபோன் போட்டான்.

"அய்யய்யோ" என்றாள் அக்கா. அடுத்த மூச்சிலேயே, "டேய், எடுத்தவுடனே போட்டு உடைச்சிடாத. பொண்ணு தாங்க மாட்டா. உடம்பு சரியில்ல, கொஞ்சம் சீரியஸா இருக்காங்க, பாக்கணும்னு சொல்றாங்கன்னு சொல்லி ஃப்ளைட்டுல ஏத்திவிடு. அங்க போய் அவங்க மனுஷங்களோட இருக்கும்போது தெரிஞ்சுக்கட்டும்."

"மச்சான் இப்பவே சொல்லச் சொன்னாருக்கா."

"அவங்களுக்கு என்னடா தெரியும்? நம்ம அப்பா போனப்போ உனக்கு எப்படிச் சொன்னோம்? காய்ச்சல்னுதானே வரவழைச்சோம்? நீ என்ன கெட்டா போயிட்ட?"

கெட்டுப்போகவில்லைதான். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். சொல்ல வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னதும் அவன் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. அந்த நிம்மதியை அவன் அன்பு என்று நினைத்துக்கொண்டான்.

சலவைக்கூடத்தின் பின்கதவில் அவளை வெளியே கூப்பிட்டான். நீராவியில் வெந்த முகத்தோடு, கையுறையைக் கழற்றியபடி வந்தாள்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். நீ வரணுமாம்."

அவள் முகம் வெளுத்தது. "என்ன ஆச்சு?"

"மூச்சு கொஞ்சம்... இப்ப பரவால்லையாம்."

"முழிச்சிருக்காங்களா?"

"ம்."

"ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"பால் குடிச்சாங்களாம்."

எங்கிருந்து வந்தது அந்தப் பால் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் அதற்குள் பின்கதவை ஒட்டியிருந்த லாக்கரைத் திறந்து தன் ஃபோனை எடுத்திருந்தாள். "அண்ணன் இத்தனை தடவை கூப்பிட்டிருக்கான். நான் பேசறேன்."

"இப்ப வேண்டாம். ஆஸ்பத்திரி உள்ள இருக்காரு, பேச முடியாது. நான் பேசிட்டேன்ல? கொடு, சார்ஜ் கம்மியா இருக்கு பாரு. வழியில போட்டுத் தர்றேன்."

கொடுத்துவிட்டாள். ஒரு கேள்வியும் இல்லாமல். அவன் திரும்பி நின்று அதை அணைத்தான். பொய் சொல்வது வேறு, ஃபோனை அணைப்பது வேறு என்று விரலுக்குத் தெரிந்தது. பொத்தானை அழுத்த ரொம்ப நேரம் பிடித்தது.

சாயங்கால விமானத்தில் இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவன். அவன் பையில் இரண்டு ஃபோன்கள். ஒன்று செத்துக்கிடந்தது. இன்னொன்று தொடையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"யாரு?"

"கம்பெனி."

ஒவ்வொரு அதிர்வுக்கும் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவளுக்கோ, பால் குடித்தார்கள் என்று கேட்டதிலிருந்து மெல்ல ரத்தம் திரும்பியிருந்தது. "எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. போன தடவை காய்ச்சல் வந்தப்போ டாக்டர் வீட்டுக்கு வந்தாரு. சேத்துக் காலோட உள்ள வந்துட்டாருன்னு குடையை எடுத்துக்கிட்டுத் துரத்தியிருக்காங்க. டாக்டர் தெருவுல நின்னு, 'அம்மா, நாக்கை மட்டும் ஜன்னல் வழியா காட்டுங்க'ன்னு கெஞ்சினாராம்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய் விட்டு, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று அவனும் சிரித்தான். அவன் தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அவள் எழுந்துவிட்டாள். அம்மா சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு நடப்பார்களாம். உள்ளே பஞ்சு வைத்த செருப்பு வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம். அவன் "அங்கேயே வாங்கிக்கலாம்" என்றது அவள் காதில் விழவில்லை.

செருப்புக்கடைப் பெண் இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தாள். "யாருக்கு சார், வயசானவங்களுக்கா? கால் வீக்கம் இருந்தா ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கச் சொல்லுங்க."

"என்ன சொல்றா?" என்றாள் மனைவி.

சொன்னான். அவள் ஒரு செருப்புக்குள் கையை நுழைத்து அளவு பார்த்தபடி கேட்டாள்: "வீங்கியிருக்கா? அண்ணன் ஏதாவது சொன்னானா?"

ஆமாம் என்றால் ஒரு சைஸ் பெரிது. இல்லை என்றால் இது. அவ்வளவுதான் கேள்வி. அவள் விரல்கள் அந்தச் செருப்புக்குள் கால்விரல்களைப்போல அசைந்துகொண்டிருந்தன.

"வாங்க வேண்டாம்" என்றான்.

"ஏன்?"

அவனுடைய மொழியில் போயிட்டாங்க, தவறிட்டாங்க என்று பதமாகச் சொல்ல எத்தனையோ வழி. அவள் மொழியில் மச்சான் சொன்ன அந்த ஒரு சொல்தான் அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னான்.

"கலர் பிடிக்கலையா மேடம்? ப்ரவுன்லயும் இருக்கு" என்றாள் கடைப் பெண்.

மனைவி செருப்பிலிருந்து கையை எடுத்தாள். இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். "எப்போ?"

"விடியக்காலையில."

"உனக்கு எப்போ தெரியும்?"

"பத்தே முக்காலுக்கு."

கடைச்சுவர்க் கடிகாரம் மூன்று மணியை நெருங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"பால் குடிச்சாங்கன்னு சொன்ன."

"அது நானா கட்டிச் சொன்னது."

"பஸ்ஸுல நான் சிரிச்சேன். எங்கம்மா செத்துக் கிடக்கறப்போ சிரிச்சேன். நீ பாத்துக்கிட்டே இருந்த." பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "நீயும் சிரிச்ச" என்றாள். பிறகு ஃபோனுக்காகக் கையை நீட்டினாள்.

வீட்டில் அக்கா காத்திருந்தாள். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தப்பா நினைக்காதம்மா, உன் நல்லதுக்குத்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அவன் மேல கோவப்படாத." சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "சொல்லேன்டா அவகிட்ட, நான் சொன்னதை."

அவன் வாயைத் திறந்தான். மனைவி கையைக் காட்டித் தடுத்தாள்.

"வேண்டாம். நீ சொல்றதுதான் அவங்க சொன்னதுன்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

அவனும் கூட வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்குள் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு வந்த வாரங்களில் மெக்கானிக் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரியைத் திறந்து, அவள் துணிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பான். யார் வந்து எடுத்துப்போகப் போகிறார்கள்? இருந்தாலும் பார்ப்பான். "வருவாடா, எங்க போயிடுவா" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் அக்காவும் பதமாகத்தானே சொல்கிறாள் என்று பயம் கூடியது.

இரண்டாவது மாசம் வந்தாள். ஏன் வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாளோ என்று பயம்.

வந்ததும் அவன் மொழியைக் கற்க ஆரம்பித்தாள், அவனிடம் அல்ல. இஸ்திரி மேசைப் பெண்களிடம். அவர்கள் முதலில் வசவுகளைத்தான் கற்றுக்கொடுத்தார்கள் போல. "டேய், கதவைத் திறந்ததும் 'வாடி கழுதை'ங்கிறாடா என்னை!" என்று அக்கா ஃபோனில் அலறினாள். "பாசமா சொல்றாக்கா" என்றான். அக்கா யோசித்துவிட்டு, "இருக்கும், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா" என்றாள். ஒரு வருஷத்தில் மீன்காரரோடு சண்டை போடுகிற அளவுக்குப் பேசினாள். "என்ன சொன்னாங்க?" என்ற கேள்வி வீட்டிலிருந்து மறைந்துவிட்டது.

சண்டை சச்சரவு இல்லாத குடும்பம்தான். பிள்ளை பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, வீடு மாறினார்கள். அவன் தன்னால் ஆனதைச் செய்தான். எதையும் மறைப்பதில்லை என்று கேட்காததையெல்லாம் சொன்னான். "இந்தச் சட்டை உனக்கு நல்லாவே இல்ல" என்பான். "அதை யாரு உன்கிட்ட கேட்டா?" என்பாள். யாரும் கேட்கவில்லை. அதுதான் விஷயம். அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்லிவிட்டுப் போனதும் அவன் அவள் முகத்தைப் பார்ப்பான், ஒரு தடவையாவது கேட்கமாட்டாளா என்று. அவளுக்கு எல்லாமே புரிந்திருக்கும்.

தலை நரைத்த பிறகு ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் மனைவி படுத்திருந்த அறையிலிருந்து டாக்டர் அவனை மட்டும் வெளியே கூப்பிட்டார். மெல்லிய குரலில் பேசினார். பிறகு, "பேஷன்ட்கிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். சாப்பிடற கொஞ்சத்தையும் விட்டுடுவாங்க" என்றார்.

வராந்தா நாற்காலியில் முழங்காலைத் தேய்த்தபடி அக்கா. அவளுக்குக் காது மட்டும் இன்னும் கூர்மை. "டேய், இந்தத் தடவையாவது என் பேச்சைக் கேளு. அன்னிக்கு நீ கடைசி வரைக்கும் வாயைத் திறக்காம இருந்திருந்தா ஒரு வம்பும் வந்திருக்காது."

அவன் அறைவாசலுக்குப் போனான். கதவுப்பிடி ஈரமாக இருந்தது, அவன் கையால்தான். உள்ளே அவள் தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள்.

அவள் நினைத்திருந்தால் நர்ஸைக் கேட்டிருக்கலாம். டாக்டரையே கேட்டிருக்கலாம்.

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "வைத்தியம் ஒண்ணும் இல்லையாம். மாசக் கணக்கு இல்லையாம். நாள் கணக்குதானாம். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னாரு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "வலிக்குமா?" என்றாள்.

"தெரியல. அதை நான் கேக்கல."

"போய்க் கேளு. வந்து சொல்லு."

போனான். கேட்டான். வந்து சொன்னான். வலிக்கும், மருந்து கொடுப்பார்கள், மருந்து கொடுத்தால் தூக்கமாகவே இருக்கும். "தூக்கத்துல நான் உளறினா எந்த பாஷையிலன்னு கேளு" என்றாள். "அதை எப்படிடி டாக்டர்கிட்ட கேக்கறது?" "சும்மா சொன்னேன்." பிறகு இன்னொரு கேள்விக்கு அனுப்பினாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அவன் அந்த வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் வாசலில் பயம் வந்தது. ஒவ்வொரு தடவையும் சொன்னான்.

விளக்குப் போடும் நேரத்தில், நகம் போர்வையில் மாட்டுகிறது, வெட்டிவிடு என்றாள். வலது கையை முடித்து, இடது கையைப் பிடித்தான். இரண்டு விரல் ஆனதும் ஊசி போட நர்ஸ் வந்துவிட்டாள். மீதி மூன்று விரல்களில் கடைசி வரைக்கும் நகம் வெட்டவில்லை.