கிட்டாரும் ஸ்பிரிட்டும்

அந்த மழைக்காலத்தில் நான் ஒரு தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தேன். தோல் பதப்படுத்த அந்தப் பட்டைதான் வேண்டும். கொட்டகைக்குள் நாள் முழுதும் தூள் பறக்கும். மாலையில் இருமித் துப்பினால் சளி சிவப்பாக வரும். அது பட்டையா ரத்தமா என்று உற்றுப் பார்ப்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு வரை நான் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். வேலூரில் பல வக்கீல் வீடுகளின் மேஜைகளும், காட்பாடி ரயில்வே மாதா கோயிலின் பெஞ்சுகளும் என் கையால் பளபளத்தவை. பாலிஷ் என்றால் அரக்கு. அரக்கைக் கரைக்க ஸ்பிரிட். நானும் என்னோடு வேலை செய்த தோஸ்தும் காலை முதல் மாலை வரை அந்த வாசனையிலேயே இருந்தோம். பிறகு வாசனை போதவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து ஆளுக்குக் கொஞ்சம் குடிக்க ஆரம்பித்தோம். ஒரு பங்குனி மாதம் அவன் செத்துப்போனான். எனக்குக் கண்ணில் வெள்ளைத் துணி போர்த்தின மாதிரி மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. அந்த மூன்று நாளில் ஒருநாள், பார்க்க முடிகிறது என்று வீம்புக்குச் சொல்லி, இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கினேன். குழந்தை கீழே விழுந்தது. அவளுடைய இடது கை அதற்குப் பிறகு நேராக நீளவே இல்லை.

கண் மெல்ல மெல்லத் திரும்பியது. பைபிள் மேல் கை வைத்து, ஸ்பிரிட் பாட்டில் இனி என் வீட்டு வாசலைத் தாண்டாது என்று மனைவியிடம் சொன்னேன். பாலிஷ் தொழிலை விட்டேன். பட்டைக் கொட்டகைக்குப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது வாசலில் ஒரு சட்டைக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஆங்கிலோ இந்தியர்களை அப்போது எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். காட்பாடியில் ரயில் கார்டு. பெஞ்சு வேலையின்போது என்னைப் பார்த்திருக்கிறார். கையில் கிட்டார் ஒன்று.

"கூரை ஒழுவி இது மேல தண்ணி. பாரு மேஸ்திரி, எல்லாம் வெள்ளை ஆய்ட்ச்சு. நம்ப வீட்டம்மாது. கிறிஸ்மஸுக்குள்ள புத்சு மாதிரி ஆவணும்."

முகப்புப் பலகை முழுக்கப் பூஞ்சணம் பூத்தது போல் வெளுத்திருந்தது. நடுவில் மெல்லிய வெடிப்புகள். பழைய பூச்சை எடுத்துவிட்டு, மறுபடி அரக்கு ஏற்ற வேண்டும். மேஜைக்குப் பூசுகிற கனத்தில் இதற்குப் பூசினால் சத்தம் செத்துப்போகும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அப்பளம் போன்ற பலகை. உப்புத்தாளை இரண்டு முறை அதிகமாக இழுத்தால் போயிற்று. அதெல்லாம் கூடப் பயமில்லை. கை அந்த வேலையைக் கேட்டது; வேலையோ ஸ்பிரிட்டைக் கேட்கும். முடியாது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

"பாத்து சொல்றேன் தொரை" என்றேன்.

"புதன்கிழமை சொல்லு" என்று கிட்டாரை வைத்துவிட்டுப் போனார்.

மனைவிக்கு அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் ஆஸ்பத்திரித் துணிகள் துவைப்பவள். ராத்திரியெல்லாம் நான் இருமுவதை ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூலையில் இருந்த பானைகளை நகர்த்தி, கிட்டார் வைக்க இடம் செய்தாள்.

"இத நல்லா செஞ்சு குடுத்தா நாலு பேர் வருவாங்க. அந்தப் பட்டை வேல உட்டுடலாம்" என்றாள்.

"ஸ்பிரிட்டு வேணும்மே."

"நீங்கதான் உட்டுட்டீங்களே. ரெண்டு வருசமாச்சு. இன்னும் இன்னா பயம்?"

அவள் என்னை நம்பினாள். அதைவிடக் கொடுமை எதுவும் அவள் எனக்குச் செய்ததில்லை.

திங்கட்கிழமை முழுக்க இடித்துக்கொண்டே யோசித்தேன். செய்தால் குடித்துவிடுவேன். செய்யாவிட்டால் இந்தத் தூளிலேயே போய்விடுவேன். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் குழந்தைக்கு அப்பன் இல்லை. பழைய பூச்சு அரக்குதானா, வேறு ஏதாவது வார்னிஷா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அரக்கென்றால் ஒரு சொட்டு ஸ்பிரிட் பட்டதும் பிசுபிசுக்கும். ஒரு சொட்டுதானே.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும், முன்பு ஸ்பிரிட் வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேஸ்திரி, ரொம்ப நாளாச்சு. பாட்டில் எங்க?"

"பாட்டில் வேணாம் பாய். இந்தத் துணியில ரெண்டு சொட்டு ஊத்துங்க, போதும்."

துணியைச் சுருட்டிக் கைக்குள் மூடிக்கொண்டு நடந்தேன். மசூதித் தெரு தாண்டும்வரை கை கீழேதான் இருந்தது. சந்துக்குள் திரும்பினதும் அது மூக்குக்கு வந்தது. பிறகு வாய்க்கு. சுவரைப் பார்த்து நின்று, பால் குடிக்கும் கன்றைப் போல அந்த அழுக்குத் துணியைச் சப்பினேன். அதில் இருந்தது ஒரு வாய் கூட இல்லை. ஆனால் ஈரம் தீர்ந்த பிறகும் நான் நிறுத்தவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. மூலைக்குப் போய்க் கிட்டாரைத் தன் பழைய புடவையில் சுற்றினாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் போய்க் குடுத்துட்டு வந்துரலாம்" என்றாள். பிறகு, வெகுநேரம் கழித்து, "நான்தான் செய்யச் சொன்னேன்" என்று அழுதாள். அவளைத் தொடக்கூட எனக்குத் துணிவில்லை.

புதன்கிழமை அரை நாள் லீவு கேட்டுவிட்டு வந்தேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடி வரை நடந்தே போனோம். கார்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். முடியாது என்று சொன்னேன். ஏன் என்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய் நாக்கில் வரவில்லை. உண்மையையே சொன்னேன்.

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, இவ்ளோதானா! யாரு குடிக்கல? ஸ்பிரிட்டு வேணாம் மேன், அது எமன். நல்ல சரக்கு குடிக்கணும்." உள்ளே போய்க் கண்ணாடித் தம்ளரில் பிராந்தி கொண்டுவந்து நீட்டினார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அன்பாகத்தான் கொடுத்தார்.

நான் வாங்கிக்கொண்டேன்.

மனைவி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தம்ளரை எடுத்து, பக்கத்தில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் கவிழ்த்தாள். கார்டின் முகம் சிவந்துவிட்டது. "இன்னா திமிரு!" என்று எழுந்தார்.

அப்போது அவருடைய மனைவி கதவருகில் வந்து நின்றார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. சமையல்காரியிடம் கற்ற சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில் என்னிடம் கேட்டார்.

"மெய்யாலுமே முடியாதா மேஸ்திரி?"

"புதுசா ஆக்க முடியாதும்மா."

"புதுசு யாரு கேட்டாங்க? அவரு கேட்டாரு. எனக்கு அந்த வெள்ளை போனா போதும்."

அது மட்டும் என்றால் ஸ்பிரிட் வேண்டாம். மூன்று நாளாக அது என் மண்டையில் ஏறவே இல்லை. செய்வதென்றால் முழுவதும் செய்வது, இல்லையென்றால் இல்லை என்றே யோசித்திருக்கிறேன். அடுப்புச் சாம்பல் கொஞ்சமும் தேங்காய் எண்ணெயும் கேட்டேன். சாம்பலை மெல்லிய துணியில் சலித்து, எண்ணெயில் குழைத்து, முதலில் ஒரு ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். மனைவி கிட்டாரை அசையாமல் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக வெண்மை கலைந்து, அடியிலிருந்து தேன் நிறம் வந்தது. பொழுது சாயும்வரை தேய்த்தேன். வெடிப்புகள் அப்படியே இருந்தன. பளபளப்பும் இல்லை.

கார்டு ஒரு தடவை வெளியே வந்து பார்த்து, "நம்ப கேட்டது இது இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மாள் ஒவ்வொரு தந்தியாக முறுக்கி, தட்டிப் பார்த்து, போதும் என்று தலையை ஆட்டினார். எங்களுக்கு டீ கொடுத்தார்.

திரும்பும்போது பாலத்தின் மேல் மனைவி கேட்டாள்.

"நான் அந்தத் தம்ளர வாங்கலன்னா?"

"குடிச்சிருப்பேன்."

அவள் முன்னால் நடந்தாள். பத்தடி போய், நான் வரும்வரை நின்றாள்.

மறுநாள் காலை பட்டைக் கொட்டகைக்குப் போனேன். இன்னும் நான்கு வருஷம் போனேன். பாலிஷ் வேலை கேட்டு அதன் பிறகு யாரும் வரவில்லை. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.