மட்டாஞ்சேரியில் ஒரு பதில் வாழ்த்து

விருந்தில் ஒரு தரப்பு வாழ்த்திக் கோப்பையை உயர்த்தினால், மறுதரப்பில் ஒருவர் எழுந்து பதில் வாழ்த்துச் சொல்ல வேண்டும். அரசு விருந்துகளை நடத்தும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அமைச்சர்கள்கூட மீறாத இந்த விதி, கொச்சியில் மீறப்பட்டது.

என்னை அழைத்தவர் நண்பர் சுப்பிரமணியன். மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக மிளகு, ஜாதிக்காய் விற்கும் தமிழ்க் குடும்பம். மகள் விஜி, போர்ட் கொச்சி ஆன்றணியின் மகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார். இப்போது ஆன்றணி வீட்டார் வரவேற்பு வைக்கிறார்கள். கோப்பை உயர்த்துவது அவர்கள் வழக்கம். பெண்ணின் அப்பா பதில் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்.

சனிக்கிழமை காலை எறணாகுளத்தில் படகு ஏறினேன். சீட்டு ஆறு ரூபாய். போர்ட் கொச்சியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"சுற்றிப் பார்க்கவா சாரே?" என்றார் ஓட்டுநர்.

"கோப்பை பிடிக்கச் சொல்லிக்கொடுக்க."

"அதுக்கு இங்கே ஆள் கிட்டாதோ?"

சுப்பிரமணியனின் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை. எழுந்து நிற்பது, வலக்கை, மார்பளவு உயரம், பதில், பிறகு ஒரு மிடறு.

"எதுக்குய்யா கிளாஸோட கிளாஸ இடிக்கிறது?" என்றார் சுப்பிரமணியன்.

விஷத்துக்குப் பயந்து என்பது பலரும் சொல்லும் கதை, ஆதாரம் கிடையாது. பழைய ஐரோப்பிய விருந்துகளில் ஒரே பாத்திரம் கைமாறிக்கொண்டே வரும், எல்லாரும் அதிலேயே குடிப்பார்கள். ஆளுக்கொரு கோப்பை வந்தபின் கோப்பைகளாவது தொட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார்கள் என்பது இன்னொரு விளக்கம். மசாலா தடவிச் சுட்ட ரொட்டியை மதுவில் மிதக்கவிடும் பழக்கமும் இருந்தது, இந்த வாழ்த்துக்கு 'டோஸ்ட்' என்று பெயர் வந்ததே அதனால்தான் என்றேன்.

"அப்போ சரக்கு நம்ம தெருவுலேர்ந்துதான் போயிருக்கும்" என்றார். அன்று அவர் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

மாலை ஏழு மணி, சுள்ளிக்கல்லில் சிறிய மண்டபம். வீட்டில் செய்த திராட்சை வைன், குடிக்காதவர்களுக்குச் சாறு. ஆன்றணி எழுந்து, "நம்மட ரெண்டு வீட்டுக்கும்" என்று கோப்பையை உயர்த்தினார். சுப்பிரமணியனும் எழுந்தார். விஜி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பைகள் தொட்டுக்கொண்டன. பதற்றத்தில் சுப்பிரமணியன் பதிலுக்கு முன்பே குடிக்கப் போனார். அதுவும் வீட்டில் செம்பைத் தூக்குவதுபோல அண்ணாந்து, உதடு படாமல். அகன்ற வாய்க் கோப்பை. பாதிச் சாறு சட்டையில்.

ஆன்றணியின் அக்கா ரோசி கேட்டார்: "எந்தா சேட்டா, எங்க கிளாஸ்ல வாய் வைக்க அறப்போ?" அருவருப்பா என்று கேட்கிறார்.

தன் எச்சில் பிறர் பாத்திரத்தில் படக் கூடாதென்பது சுப்பிரமணியன் வீட்டு மரியாதை. வாய் வைக்காதது இவர்களுக்கு அவமரியாதை. என் விதிகளில் உதட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் விளக்க எழுவதற்குள் சுப்பிரமணியன் கோப்பையை வைத்துவிட்டு வெளியேறினார். விஜி சாப்பிடவில்லை.

மறுநாள் ஊர் திரும்பினேன். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதிவிட்டால் போதும். யாரும் பேச வேண்டியதில்லை. அந்த வசதி அப்போதுதான் புரிந்தது.

பிறகு விஜி தொலைபேசியில் சொன்னாள்: அப்பா தானாகவே ஆன்றணி வீட்டுக்குப் போய்ச் சாயா கேட்டாராம். ரோசி கண்ணாடித் தம்ளரில் கொடுத்தாராம். அப்பா எழுந்து நின்று, "பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாய் வைத்துக் குடித்தாராம். அன்று ஓணத்துக்கு முதல் நாள், உத்திராடம்.