பாறை மேல் ஏறிச் சொன்ன செய்தி

நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். கொல்லிமலையில் யார் எந்தக் கட்சியில் இருக்கிறார், எப்போது தாவுவார் என்பதெல்லாம் என் பொறுப்பு. நான் கொடுத்த செய்தி மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி, அத்தனை வளைவும் சுற்றிச் சோளக்காடு சந்தையில் இறங்கும்போது, நேற்றே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டதே என்று மிளகு மூட்டை தைக்கிறவர்கூடச் சொல்வார். பற்றிக்கொண்டு வரும். கீழே அலுவலகத்திலும் அதே எரிச்சல்தான். இன்னொரு தடவை ஆறிப்போன செய்தி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று டெஸ்க்கில் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் தான் கட்சி மாறப் போவதை என்னிடம் மட்டும் சொன்னார். சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடினேன். போனில் டைப் அடிக்க என் விரல் வளையாது. வாயால் சொல்லியே பழகியவன். லைன் கரகரத்ததால் தொண்டை கிழியக் கத்தினேன்.

கீழே இறங்குவதற்குள் டெஸ்க் திரும்பக் கூப்பிட்டது. வாட்ஸ்அப்பைப் பார்த்துக் காப்பி அடித்தீரா என்று கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால், மலை குரூப்பில் என் செய்தி அப்படியே கிடக்கிறது. "கட்சி மாறுகிறார் முற்றுப்புள்ளி அடுத்த பத்தி போடுங்க சார்" என்பது உட்பட.

போட்டது பாறையடியில் பலாப்பழம் விற்கும் அம்மாள். போய்ச் சண்டை பிடித்தேன். அவர் அசரவில்லை.

"ஏனுங்க, மேட்டுல நின்னு சத்தம் போட்டா எல்லாத்துக்கும்னு தானுங்க அர்த்தம். கேட்டவங்க அடுத்தவங்களுக்குச் சொல்லாம உட்டாத்தான் தப்பு."

மலை வழக்கம் அது. தள்ளித் தள்ளிக் காடுகரை வைத்துப் பயிர் செய்பவர்கள் இப்படித்தான் சேதியைக் கடத்துவார்களாம். கீழ்நாட்டுக்காரன் எனக்கு எங்கே தெரியும்?

மறுபடியும் பாறை ஏறி டெஸ்க்கைக் கூப்பிட்டேன். அது என் செய்திதான், என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அதையும் கத்தித்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது.

இறங்கி வந்தபோது அந்த அம்மாள் இரண்டு சுளையை நீட்டினார்.

"தின்னுங்க சாமி. உங்க வேலை போகலீங்க."

நான் கெஞ்சியதும் குரூப்பில் போயிருக்கிறது. திருப்புலி நாட்டு மலைக்கிராமங்கள் வரைக்கும் ஆளாளுக்குப் பேப்பரில் இருந்த நம்பருக்கு போன் போட்டு, எங்கள் நிருபரை வேலையை விட்டு எடுக்காதீர்கள் என்று பிடித்துக்கொண்டார்களாம். அவரையே வைத்துக்கொள்கிறோம், போதும், லைனை விடுங்கள் என்று டெஸ்க் கும்பிடு போட்டிருக்கிறது.

அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு அதைச் சொன்னபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அப்போதுதான் கேள்விப்படுகிறவன் மாதிரி, "அப்படிங்களா சார்" என்றேன்.