ஒரு உழவு மழைக்கான மன்றாட்டு

1. முருங்கைக்காய் விவகாரம்

கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில் என் மேசைக்கு வந்த மன்றாட்டு இது:

“எங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் முருங்கைக் கிளையை நீட்டிவிட்டு, இலைக்குப்பை எங்களுக்கு, காய் தங்களுக்கு என்று வைத்துக்கொண்டிருக்கும் அண்டை வீட்டாருக்கு இந்தப் புத்தாண்டிலாவது நல்ல மனதைத் தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

எழுதியவர் பிலோமி அக்கா. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு எழுத்துப்பிழை கிடையாது. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள். எங்கள் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகச் சேர்த்து அன்பியம் என்று பிரித்திருப்பார்கள். அன்பியத்துக்கு ஒரு புனிதர் பெயர், மாதத்துக்கு ஒரு கூட்டம், கூட்டம் முடிந்தால் சுண்டல். புத்தாண்டு அன்று காலைப் பூசையில் அன்பியத்துக்கு ஒரு மன்றாட்டு வாசிக்க வேண்டும். அதைச் சேகரித்து, பிழை திருத்தி, டைப் செய்து, பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து வாசகர் கையில் கொடுப்பது என் வேலை. ஞானஸ்நானச் சான்றிதழ், கோயிலில் அறிவிக்கிற கல்யாண ஓலை, யாருக்காகப் பூசை என்று எழுதுகிற பூசைக் கருத்து என்று வருடம் முழுக்க எத்தனையோ வேலை உண்டு. ஆனால் ஊரே என்னோடு சண்டைக்கு வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

பிலோமி அக்காவின் மன்றாட்டை “அண்டை வீட்டாரோடு சமாதானமாய் வாழும் வரத்தைத் தர” என்று மாற்றினேன். பூசை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

“முருங்க எங்கடி போச்சு?”

“ஆண்டவருக்குத் தெரியாதாக்கா? சொல்லணுமா?”

“ஆண்டவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வேணாமா?”

அன்றைக்கே இந்த வேலையின் முதல் விதியை எழுதி வைத்தேன். மன்றாட்டில் பெயர் கூடாது, விலாசம் கூடாது, மரம் செடி கொடியும் கூடாது.

2. அந்த ஒரு சொல்

இரண்டாவது விதி இன்னும் முக்கியம். மன்றாட்டு “உம்மை மன்றாடுகிறோம்” என்று முடிய வேண்டும். அந்தச் சொல் விழும்வரை எங்கள் ஜனம் வாய் திறக்காது. விழுந்துவிட்டால் பாதித் தூக்கத்தில் இருப்பவர்கூட “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சேர்ந்துகொள்வார்.

கீழவாஞ்சூரில் லாரி வைத்து நடத்துகிற ஒருவர் ஒரு வருடம் தன் மன்றாட்டைத் தானே எழுதிக் கொண்டுவந்தார். ஓட்டுநர்களுக்காக நல்ல மன்றாட்டு. முடிக்கும்போது மட்டும் கலெக்டர் ஆபீசுக்கு மனுப் போடுகிற பழக்கத்தில் “தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்று முடித்தார். கோயிலில் சத்தமே இல்லை. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கடைசியில், “முடிஞ்சிருச்சுங்க” என்றார். ஜனம் அதற்கும் பதில் சொல்லவில்லை, சிரித்தது.

எங்கள் காரைக்காலில் புத்தாண்டு என்றால் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் பூசை முடிந்து வாசலில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கை கொடுத்து, “போன் அன்னே, போன் அன்னே” என்று பிரெஞ்சில் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வார். புதிதாக வந்திருந்த வாட்ச்மேன் பாவம், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். “லோக்கல் கால்னா பேசுங்க அண்ணே, பேலன்ஸ் கம்மியா இருக்கு” என்றார்.

3. வெயிலும் மழையும்

இனி சொல்லப்போவது சமீபத்தில், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்த மழை மார்கழியில் சட்டென்று நின்றுவிட்டது. ஆற்றில் வந்த தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேரும்போது கணுக்கால்கூட நனையவில்லை. கோட்டுச்சேரி பக்கம் தாளடி நெல் கதிரில் பால் பிடித்து நின்றது. அந்த நேரத்தில் ஈரம் இல்லையென்றால் கதிர் பதராகிவிடும். அங்கே இருக்கிற விவசாயி அருள்சாமி, அந்தோணியார் அன்பியத்தின் தலைவர், மன்றாட்டை எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரே வரி. “எங்கள் வயல்களுக்கு ஒரு நல்ல மழையைத் தர.”

அன்று மாலையே மண்டபத்தூரிலிருந்து ரோசலி அம்மா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். அங்கே எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் கொஞ்சம்தான். ரோசலி அம்மா கருவாட்டு வியாபாரி. அந்த மாதம் வலையில் வாளை மீன் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. வாங்கிக் கீறி உப்புப் போட்டுக் களம் முழுக்கக் காயப்போட்டிருந்தார். “ஜெசிம்மா, எழுதிக்க. மழை கிழை இல்லாம, நல்ல வெயிலாக் குடுக்கச் சொல்லி எழுது. மழைன்னு ஒரு எழுத்துகூட அதுல வரக் கூடாது.”

இரண்டு மன்றாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே ஜனம் ஒரே பதிலைச் சொல்லும். ஆண்டவர் எதைக் கேட்பார்?

இதில் இன்னொரு சிக்கல். அருள்சாமியும் ரோசலி அம்மாவும் சம்பந்திகள். அருள்சாமியின் மகள் சகாயராணியை ரோசலி அம்மாவின் மகனுக்குக் கொடுத்திருந்தார்கள். பையன் குவைத்தில் வேலை பார்க்கிறான். சகாயம் மாமியாரோடு மண்டபத்தூரில் இருந்தாள், ஏழு மாதக் கர்ப்பம். பொங்கலுக்கு முன்னால் மாமியார் வீட்டில் வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்கு அப்பா வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு.

அந்தப் பேச்சில்தான் கிறிஸ்துமஸ் அன்று மண் விழுந்தது. கோயில் வாசலில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அருள்சாமி நல்ல மனிதர்தான், ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் வாய் சும்மா இருக்காது. “ஒரு மழை பெஞ்சா நல்லதுங்க சம்மந்தி. எங்க வயலும் நனையும், உங்க ஊரு வாசமும் எங்க ஊரு வரைக்கும் வராது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரோசலி அம்மா கையிலிருந்த கேக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கருவாடு போட்டுத்தான் அவர் தனியாளாக மகனைப் படிக்க வைத்தார். அந்த வாசத்தைக் கேலி பேசினால் யாருக்குத்தான் வலிக்காது? மறுநாளே மருமகளிடம் சொல்லிவிட்டார். “உங்க அப்பா என் வாசல்ல கால் வைக்கக் கூடாது. வளைகாப்பை நானே போட்டு உன்னை ஆட்டோவுல ஏத்தி அனுப்புறேன்.”

தலைப்பிள்ளைக்காரியைப் பெற்றவர்கள் வந்து அழைக்காமல் ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது எங்கள் பக்கம் சாதாரண விஷயம் இல்லை. காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். சகாயம் என்னிடம் வந்து சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கியது, எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேர் மேலும் கோபம்.

4. யாருக்கும் பிடிக்காத வரி

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து, “தேவையான காலத்தில் தேவையான மழையையும் வெயிலையும் தந்தருள” என்று ஒரே மன்றாட்டாக டைப் செய்தேன். பங்குச் சாமியாரிடம் காட்டினேன்.

“இது போதும் ஜெசிந்தாம்மா. ஆண்டவருக்கு நாம வானிலை அறிக்கை வாசிக்க வேணாம்” என்றார்.

அருள்சாமிக்குப் போன் போட்டேன். “தேவையானன்னா எவ்வளவுங்க? மொட்டையா இருக்கே. ஒரு உழவு மழைன்னாவது போடுங்க” என்றார். ஒரு உழவு மழை என்றால் ஏர் பூட்டுகிற அளவுக்கு மண் நனைவது. மழையை அளக்க எங்கள் பக்கத்து விவசாயிக்கு இருக்கிற கணக்கு அதுதான்.

ரோசலி அம்மாவுக்குப் போன் போட்டேன். “தேவையானன்னு பொதுவாப் போட்டா அவரு தேவைதான் ஆண்டவர் காதுல விழும். கோயில்ல சத்தமாப் பாடுறவரு அவருதானே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு அப்படியே பிரிண்ட் எடுத்தேன். யாருக்கும் முழுசாகப் பிடிக்காத மன்றாட்டுதான் நல்ல மன்றாட்டு என்பது அப்போது என் கொள்கை. வாசிப்பது யார் என்று கேட்டதற்கு, “நான் படிக்கிறேன் அக்கா” என்று சகாயம் தானாக வந்தாள்.

5. காகிதத்தைப் பார்க்காத வாசகர்

புத்தாண்டுக் காலைப் பூசை. கோயில் நிரம்பி வாசல்வரை ஜனம். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் அருள்சாமி, பெண்கள் பக்கம் தூணோரம் ரோசலி அம்மா. நான் எப்போதும்போல் பாடகர் குழு மைக் பக்கத்தில் நின்றேன். வாசகர் யாராவது தடுமாறினால் எடுத்துக்கொடுக்க வசதியான இடம் அது.

சகாயம் மெதுவாக நடந்து வந்து மைக் முன் நின்றாள். கையில் என் காகிதம் இருந்தது. அதைப் பார்க்கவே இல்லை.

“ஆண்டவரே, எங்க அப்பா வயல் பால் பிடிச்சு நிக்குது, அதுக்கு மழை வேணும். எங்க அத்தை களத்துல கருவாடு காயுது, அதுக்கு வெயில் வேணும். நான் ரெண்டு வீட்டுச் சோத்தையும் சாப்பிடுறவ. எதைக் குடுங்கன்னு எனக்குக் கேக்கத் தெரியல. எதைக் குடுத்தாலும் ரெண்டு வீடும் சேந்து நிக்கணும்.”

அதோடு நின்றுவிட்டாள். அடுத்த சொல் வரவில்லை. முதல் விதியும் போச்சு, இரண்டாவது விதியும் போச்சு. சாமியார் என்னைப் பார்த்தார். “மன்றாடுகிறோம்” விழாததால் ஜனம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. அந்த மௌனத்தில் அவள் அப்படி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. பாடகர் குழு மைக்கை இழுத்து, “ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்” என்று நான் முடித்தேன்.

அன்றைக்கு ஜனம் சொன்ன பதிலைப்போல அத்தனை சத்தமாக அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

ஆனால் பூசை முடிந்ததும் ரோசலி அம்மா யாரையும் பார்க்காமல் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார். அருள்சாமி சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மன்றாட்டு முடிந்த கையோடு பலன் வரும் என்று எதிர்பார்க்கிற ஆள் நான் இல்லை. இருந்தாலும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசு கேட்கவில்லை.

6. படுதா

ஜனவரி முதல் வாரத்தில் பங்குக் காலண்டரை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். மண்டபத்தூருக்கு நானே போனேன். காரணம் உங்களுக்கே தெரியும்.

ரோசலி அம்மா களத்தில் வாளைக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்த பெண்கள் இருவர் கூட இருந்தார்கள். காலண்டரைச் சகாயத்திடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறேன், கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று மாறியது.

“வந்திருச்சுடி உங்க அப்பாவோட மழை” என்று ரோசலி அம்மா மருமகளிடம் கத்திவிட்டு அள்ள ஆரம்பித்தார். காலண்டர் பையைப் போட்டுவிட்டு நானும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். களம் பெரிது, கைகள் கம்மி. பாதி சரக்குகூட உள்ளே போகாது என்று பார்த்த உடனே தெரிந்தது.

அப்போதுதான் ஒரு டாடா ஏஸ் வண்டி வேகமாக வந்து வாசலில் நின்றது. பின்னால் நெல் மூடுகிற படுதாக்கள், சுருட்டிக் கட்டியபடி. வண்டியிலிருந்து அருள்சாமி குதித்தார். வானம் இருளத் தொடங்கியதுமே கோட்டுச்சேரியிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். ஒரு படுதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர், வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“சம்மந்தி, உள்ள வரலாங்களா?”

ரோசலி அம்மா நிமிர்ந்து பார்த்தார். “மழை கேட்டீங்கள்ல. வந்திருச்சு. வாங்க, வந்து மூடுங்க.”

“கேட்டது நான்தாங்க. அதான் படுதாவும் நானே கொண்டாந்தேன்.”

உள்ளே வந்தார். ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து இழுத்தோம். ஓரத்துக்குச் செங்கல் வைத்தோம். கடைசிச் செங்கலை வைத்துவிட்டுக் கூரைக்குள் ஓடி வரவும் மழை சடசடவென்று பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. எல்லோர் மேலும் கருவாட்டு வாசம், அருள்சாமி மேலும்தான். அவர் சட்டையை மோந்து பார்த்தார். பேச வாயெடுத்தவர், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “அன்னிக்கு நான் பேசுனது தப்புங்க சம்மந்தி” என்றார்.

ரோசலி அம்மா, சகாயம் போட்ட டீயை வாங்கி முதல் டம்ளரை அவரிடம் நீட்டினார். மழையைக் காட்டிக் கேட்டார்.

“இது உங்க வயலுக்குப் போதுமாங்க?”

“பாதி உழவு இருக்கும்.”

“அப்ப இன்னும் கொஞ்சம் பெய்யட்டும். படுதாதான் இருக்கே.”

சகாயம் சிரித்தாள், அழவும் செய்தாள். நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

வளைகாப்பு அந்த வாசலிலேயே நடந்தது. அருள்சாமி குடும்பத்தோடு வந்து மகளை அழைத்துப் போனார். கலந்த சாதங்களுக்கு நடுவே ரோசலி அம்மா வேண்டுமென்றே ஒரு சட்டி வாளைக் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார். அருள்சாமி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானச் சான்றிதழை நான்தான் டைப் செய்தேன்.

இப்போது நான் அந்த நாற்காலியில் இல்லை. அங்கே உட்காருகிறவர்களுக்கு என் முதல் விதியை அடித்துவிட்டுச் சொல்கிறேன். மழைக்கும் வெயிலுக்கும் பொதுவாக ஒரு வரி எழுதி யாரையும் சமாளிக்க வேண்டாம். கேட்கிறவர் ஒளிவுமறைவு இல்லாமல் கேட்கட்டும். ஆனால் கேட்டது வந்தால் அது யார் களத்தை நனைக்கும் என்று அவரிடமே கேளுங்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள். நான் கடைசியாக டைப் செய்த புத்தாண்டு மன்றாட்டு இப்படித்தான் இருந்தது: “எங்கள் வயல்களுக்கு ஒரு உழவு மழையைத் தாரும். அது வரும்போது கடற்கரைக்குப் படுதாவோடு ஓடும் கால்களையும் எங்களுக்குத் தாரும் என்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

அன்று பூசை முடிந்து வெளியே வந்தேன். பிலோமி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“கருவாடு காயிற களத்துக்கெல்லாம் மன்றாட்டுல எடம் இருக்கு. என் முருங்கைக்கு மட்டும் இல்லியா?”

“தாராளமா எழுதிக் குடுங்கக்கா. ஆனா கிளை வெட்ட அரிவாளோட நீங்களும் போய் அவங்களுக்கு ஒத்தாசை பண்ணணும். அதையும் சேத்து எழுதணும்.”

யோசித்தார். “அப்ப அவ காய்ல பாதி குடுப்பாளா?”

“அதை அவங்ககிட்டயே கேளுங்க.”

அன்று சாயங்காலம் அவர் வீட்டு வழியாகப் போனேன். சுவருக்கு இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் அண்டை வீட்டம்மாவும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.