மூட்டத்துக்குள் ஒரு கோபுரம்

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் என் பலூடாக் கடையை ஒட்டி ஜெஸீமாவின் கடை. கேம் விளையாடும் கருவிகளைத் திறந்து பழுது பார்ப்பாள். பொம்பளைப் பிள்ளைக்கு இதென்ன வேலை என்று சிலர் என் பலூடாவைக் குடித்துக்கொண்டே கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் வீரையாவைப் பார்க்காதவர்கள்.

வீரையாவுக்கு ஊர் மஹய்யாவ. போன் கோபுரங்களில் ஏறி வேலை செய்பவர். போன மழைக்காலத்தில் கால் வழுக்கி, இடுப்புப் பட்டியில் தலைகீழாகத் தொங்கினார். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டாம் படியிலேயே கால் நடுங்கியது. அடுத்த கிழமை ஹந்தானை மலைக் கோபுரத்தில் ஏறிக் காட்டாவிட்டால், இனிமேல் களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் வேலைதான் என்று கம்பனி சொல்லிவிட்டது. ஜெஸீமாவிடம் ஏதோ கருவி திருத்தக் கொடுக்க வந்த இடத்தில் இதைச் சொன்னார்.

ஜெஸீமாவிடம் அவளுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன், கட்டாரிலிருந்து அனுப்பிய வி.ஆர். கண்ணாடி ஒன்று இருந்தது. அதைத் தலையில் மாட்டினால் நிற்கும் இடம் மறைந்து வேறோர் உலகம் சுற்றிலும் தெரியும். அதற்குள் ஒரு கோபுரத்தைச் செய்து தருகிறேன், ஏறிப் பழகுங்கள் என்றாள். பெரிய கணினி என்றால் வயர் காலைச் சுற்றும். அதனால் கையடக்க கேம் கருவியொன்றை வீரையாவின் இடுப்புப் பட்டியிலேயே கட்டினாள். என் கடை ஏணியைச் சுவரோடு இறுக்கினாள். அதன் முதற்படியில் நின்று கையை மாற்றி மாற்றிப் பிடித்தால், கண்ணாடிக்குள் தரை கீழே போய்க்கொண்டிருக்கும்.

ஆசையாசையாக அவள் கண்டி முழுவதையும் உள்ளே வைத்திருந்தாள். குளம், கூரைகள், காடு, மகாவலி கங்கை எல்லாம். வீரையா தலையைத் திருப்பினார். அவ்வளவுதான், நான் கொடுத்த பலூடா முழுவதும் வெளியே வந்துவிட்டது.

"ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு படம் வரையோணும் நானா," என்றாள், என்னையும் நானா என்றே கூப்பிடுபவள். "செக்கனுக்குத் தொண்ணூறு தரம். இந்தச் சாமானுக்கு அதுல பாதியும் ஏலா. தலை திரும்பின பொறகு படம் வந்தா வயிறு பெரட்டத்தான் செய்யும்."

போதாததற்கு அது சூடேறியது. சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் மெதுவாகிவிடுமாம். என் ஐஸ் பெட்டியில் கொஞ்ச நேரம் வைப்போமா என்று கேட்டதற்கு, ஈரம் பட்டால் செத்துப்போகும் என்று சீறினாள். படத்திலிருந்த மரங்களை வெட்டினாள், வீடுகளைக் குறைத்தாள். போதவில்லை. கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது. வீரையா வாயைத் துடைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்தார்.

அப்போது ஜெஸீமா கேட்டாள். "அண்ணே, நீங்க மேல நிக்கிற நேரம் என்னத்தப் பாப்பீங்க?"

"என்னத்தப் பாக்குறது தங்கச்சி? நாங்க ஏறுறது விடியக்காலைல. ஹந்தானைல அந்நேரம் ஒரே பனிமூட்டம். கையும் கம்பியுந்தான் தெரியும்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

மறுநாள் கண்ணாடிக்குள் கண்டி இல்லை. மூட்டம் மட்டும். மூட்டத்துக்கு அப்பால் இருப்பதைக் கருவி வரையத் தேவையில்லை. பாரம் இறங்கியதும் அது மூச்சு வாங்காமல் ஓடியது. வீரையா வழக்கம்போலத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, இல்லாத கொக்கியை இல்லாத கம்பியில் மாட்டி மாட்டி ஏறினார். நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது.

நானும் மாட்டிப் பார்த்தேன். ஈர இரும்பு. சுற்றிலும் வெள்ளை. காலடியில் எதுவுமே இல்லை. யா அல்லாஹ் என்று கத்திவிட்டேன். பாண் ரொட்டித் துண்டளவு பெட்டிக்குள், ஏலாது என்று அது கைவிரித்த இடத்திலேயே, ஒரு பிள்ளை எனக்கு வானத்தைக் காட்டியிருக்கிறாள். உடம்பு சிலிர்த்தது. ஆனால் பயமும் வந்தது.

"நெசமான கோபுரத்துல மூட்டம் வெலகினா என்ன செய்றது?"

"அத இந்தச் சாமானால காட்ட ஏலா நானா," என்றாள் மெதுவாக. "அது அவருதான் பாக்கோணும்."

ஏறும் நாளன்று எங்கள் இருவருக்கும் வேலை ஓடவில்லை. சுபஹுத் தொழுகை முடிந்து நேரம் போயும் ஹந்தானை தெரியவில்லை. பிறகு வெயில் வந்தது. மலை தெளிவாகத் தெரிந்தது.

ஜெஸீமாவின் போன் அடித்தது. போனுக்குள் காற்று இரைந்தது.

"தங்கச்சி, மூட்டம் வெலகிருச்சி."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "கொக்கி மாட்டி ஈக்கா அண்ணே? கீழ பாக்க வாணாம்."

"மாட்டிட்டேன். பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். கொளம் தெரியுது. மஹய்யாவயில நம்ம வீட்டுத் தகரம் தெரியுது. எறங்கச் சொல்லிக் கீழ கத்துறாங்க தங்கச்சி. நான் இன்னும் கொஞ்சம் நிக்கிறேனே."