இன்னொரு தடவை கேப்டன்

என் அக்கா புருஷன் விமானம் ஓட்டுகிறவர். நானும் அதே கம்பெனிதான். அவர் இடதுபக்க நாற்காலி, நான் வலதுபக்கம். வீட்டில் அத்தான், வேலையில் கேப்டன். விமானிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘இன்னொரு தடவை’. புறப்படும் முன் சரிபார்க்கும் அட்டையை நான் வரிவரியாகப் படிக்க, அவர் அந்தந்தக் கருவியைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரு முறை படித்தாலே போதும். இவரோ முடித்ததும், “இன்னொரு தடவை படிடா” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“நேத்தும் இதே பிளேன்தானே?”

“நேத்தும்தான் சாப்பிட்ட. இன்னிக்கு எதுக்குத் தட்டைத் தூக்கிட்டு வந்த?”

கம்பெனி நஷ்டம் என்று மூக்கால் அழுதது. சம்பளத்தில் வெட்டு கேட்டது, கொடுத்தோம். பிறகு, கடைசியாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேரை அனுப்பப் போவதாகச் சொன்னது. அந்தப் பாதியில் நானும் இருந்தேன். வேண்டாமென்றால் ஒன்றை விட்டுத்தர வேண்டுமாம். “களைப்பு” என்று ஒரு விமானி போன் செய்தால், ஏன் எதற்கு என்று கேட்காமல் வேறு ஆளைப் போட வேண்டும். அது எங்கள் பழைய உரிமை, அவர்கள் கண்ணை ரொம்ப நாளாக உறுத்தியது.

கம்பெனியோடு பேசும் விமானிகள் குழுவுக்கு அத்தான்தான் தலைவர். அக்கா அவர் தட்டுக்கு எதிரே வந்து நின்றாள்.

“என் தம்பி வேலையில்லாம நின்னா, நீங்க அந்தக் கேப்டன் சட்டையப் போட்டுக்கிட்டு அவன் முன்னாடி எப்படிப் போவீங்க?”

“அவனுக்காக அத்தனை பேர் தூக்கத்தையும் விட்டுக்குடுக்கச் சொல்றியா?”

“ஆமா, சொல்றேன்.”

என் அக்காவுக்கு மழுப்பத் தெரியாது. அவர் பாதியில் கை கழுவிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவருக்குக் காலையில் விமானம், மதியம் பேச்சுவார்த்தை. கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் நேரம் வைத்தார்கள், படுபாவிகள். அவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, பளபளவென்று வந்து உட்காருவார்களாம். குழுவிலிருந்த ஒரு பெண் கேப்டன்தான் எனக்குச் சொன்னார். கடைசி நாள் கம்பெனி வக்கீல் வாசித்தார்: யாரையும் அனுப்ப மாட்டோம், இனி களைப்பு என்பவர் கம்பெனி டாக்டரைப் பார்க்க வேண்டும். அதன் வாலில் ஒரு வரி. புதிதாகச் சேர்ந்தவர் அந்தச் சொல்லைச் சொன்னால், விசாரணையே இல்லாமல் வேலை போகும்.

“சரியா கேப்டன்?”

“சரி” என்றிருக்கிறார் அத்தான். கண் திறந்துதான் இருந்ததாம். இன்னொரு தடவை படியுங்கள் என்று அவர் கேட்காமல் விட்டது அன்றைக்குத்தான். ஏதாவது தப்பு இருந்தால் இவர் விடமாட்டார் என்று மற்றவர்களும் சும்மா இருந்துவிட்டார்கள்.

விஷயம் உறைத்ததும் அத்தான் என் அறை வாசலில் வந்து நின்றார். “உன்னைக் காப்பாத்தறேன்னு உன் வாயைத் தச்சுட்டேன்டா” என்றார். கம்பெனியிடம் திருத்தச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். அவர் போட்ட கையெழுத்தைக் காட்டிச் சிரித்தார்கள். அதன்பிறகு அவர் வீட்டிலும் சரியாகத் தூங்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

சில வாரம் கழித்து, ஒரு மதியம், இரண்டு பேரும் ஒரே விமானத்தில். அவருக்கு விடாமல் ஐந்தாவது நாள். நான் அட்டையைப் படித்தேன்.

“எரிபொருள்?”

“சரி.”

“உயரமானி?”

“சரி.”

அதில் முந்தைய ஊரின் காற்றழுத்தமே இருந்தது. ஊருக்கு ஊர் அதைத் திருத்தாவிட்டால் தரை எங்கே இருக்கிறதென்றே தப்பாகக் காட்டும். அவர் கை மடியைவிட்டு அசையவில்லை. நான் முடித்துவிட்டுக் காத்திருந்தேன். இன்னொரு தடவை என்று வரும், வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

“அத்தான், களைப்புன்னு சொல்லிடுங்க.”

“எனக்கென்னடா களைப்பு? கிளம்பு.”

அவருக்கே தெரியவில்லை. அவரை நான் காட்டிக்கொடுத்தால், எப்போது சிக்குவார் என்று காத்திருக்கும் கம்பெனி அந்த டாக்டரை வைத்தே அவரை ஒழித்துக்கட்டும். பின்னால் ஒரு குழந்தை ஜன்னல் சீட்டுக்கு அடம் பிடிப்பது கேட்டது. வலதுபக்கம் ஆளில்லாவிட்டால் விமானம் கிளம்பாது. போனை எடுத்தேன்.

“களைப்பு” என்றேன்.

“யாருக்கு?” என்றாள் ஆபீஸ் பெண்.

“எனக்குத்தான்.”

“ஐயோ, நீங்க புதுசு. வேலை போயிடும், தெரியும்ல?”

“தெரியும்மா. எழுதிக்கோ.”

அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “டேய் பாவி! உனக்காகத்தானேடா எல்லாத்தையும் குடுத்தேன்!” அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் உயரமானியைக் காட்டினேன். அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே விழுந்திருந்த அட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

“இன்னொரு தடவை படிடா.”

பயணிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் முதல் வரியிலிருந்து படித்தேன். அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துப் பதில் சொன்னார்.